இடப்பக்கத்துத் தீனிப்பெட்டி

அன்புச் சின்னிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இந்தக் குளிரைக் கடத்திக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா நன்றாக இருக்கிறார், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், வேளாவேளைக்கு என்னைக் குறை சொல்கிறார். நானும் சௌக்கியம் என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, இது மூன்றாவது. போனில் சொல்லிவிடலாம்தான், ஆனால் என் குரல் நடுங்கினால் நீ அழ ஆரம்பிப்பாய், நீ அழுதால் நான் ஒன்றுமில்லை விடு என்று சொல்லி வைத்துவிடுவேன், அந்தப் புத்தி எனக்கு உண்டு. அதனால்தான் கடிதம். பயமாக இருக்கிறது சின்னி. கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கிற ரோட்டில் பள்ளிக்கூட பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனபோதெல்லாம் வராத பயம், இப்போது என் சொந்தச் சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வருகிறது. முதலில் இருந்து சொல்கிறேன், நடுவில் விட்டுவிட்டுக் கடைசிக்குத் தாவாதே.

போன குளிர்காலத்தில் அப்பா தச்சுப்பட்டறையில் மிச்சமான பலகையை வைத்துப் பறவைகளுக்கு இரண்டு தீனிப்பெட்டி செய்து தோட்டத்தில் தொங்கவிட்டாரே, அதில் ஆரம்பித்தது. சமையலறை ஜன்னலுக்கு வலப்பக்கம் துணி காயப்போடுகிற கம்பத்தில் ஒன்று, இடப்பக்கம் இலையெல்லாம் கொட்டிப்போன மரத்தில் ஒன்று. பனி விழுந்து தரை மூடிவிட்டால் அதுகளுக்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது, சூரியகாந்தி விதையும் உடைத்த வேர்க்கடலையும் போட்டு வைத்தால் பொழுது வெளுக்கும்போதே வந்துவிடும். நான் பஸ் எடுக்கப் போவதற்கு முன்னால் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் பேர் வைத்திருக்கிறோம். தலை மட்டும் கறுப்பாக இருக்கிற குட்டிக்குருவி தொப்பிக்காரன், ஒரு விதையை எடுத்தால் கிளைக்குக் கொண்டுபோய் உடைத்துத் தின்றுவிட்டுத்தான் அடுத்ததற்கு வரும், அவ்வளவு ஒழுங்கு. மார்பு சிவந்த ஒன்று இருக்கிறது, தான் தின்னாவிட்டாலும் பரவாயில்லை அடுத்தது தின்னக்கூடாது, அதற்கு மாமியார் என்று பேர். அப்பா அதற்கு என் பேரைத்தான் வைக்கப் பார்த்தார், நான் விடவில்லை. கீழே சிந்தினதைப் பொறுக்க ஒரு புறா வரும், நடக்கிற நடையைப் பார்த்தால் பத்து வீட்டுக்குச் சொந்தக்காரர் மாதிரி இருக்கும்.

இந்தக் குளிர்காலம் தொடங்கினதில் இருந்து இடப்பக்கத்துப் பெட்டிக்கு ஒன்றுமே வரவில்லை. வலப்பக்கம் திருவிழாக் கூட்டம், இடப்பக்கம் ஈ காக்கை இல்லை. நான் விதையை மாற்றிப் பார்த்தேன், பெட்டியைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன், அப்பாவை ஏணியில் ஏற்றி வேறு கிளைக்கு மாற்றிக் கட்டச் சொன்னேன். அவர் முனகிக்கொண்டே கட்டினார், நாந்தான் தெனம் ரொப்புறேன், தெனம் காலியாகுது, அப்ப பேயா வந்து திங்குது என்று கேட்டார். அணிலாக இருக்கும் என்றேன். பிறகு எனக்கு, தபாலாபீஸில் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுத் தபாலக்காவின் பூனைமேல் சந்தேகம் வந்தது. அதுதான் மரத்தடியில் பதுங்கி இருந்து எல்லாவற்றையும் விரட்டுகிறது என்று முடிவு பண்ணி, ஒருநாள் வேலிக்கு மேலாகவே அவளிடம் சண்டை போட்டேன், பூனையைக் கட்டி வை, இல்லாவிட்டால் நான் கட்டுவேன் என்று கூடச் சொல்லிவிட்டேன். நான் எவ்வளவு நேரம் கத்தினேன் என்பதை அப்பா உனக்குப் போனில் நடித்துக் காட்டினார் அல்லவா, நாம் மூன்று பேரும் சிரித்தோம்.

பத்து நாளைக்கு முன்னால், பள்ளிக்கூடத்துக்குக் குளிர்கால லீவு விட்ட மறுநாள், தபாலக்கா தானே வந்தாள். இன்னைக்கு உன் கூடவே உக்காந்து பாக்குறேன், எம் பூனை வந்துச்சுன்னா நானே அதக் கொண்டுபோய் வெளியூர்ல விட்டுர்றேன் என்றாள். இரண்டு பேரும் டீயோடு உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், மெதுவாகச் சிரித்தாள். இதோ நாலு உக்காந்திருக்கே, இதுக்கா என்னோட சண்டை போட்ட என்றாள். எனக்குக் கோபம் வந்தது, விளையாடுகிறாள் என்று நினைத்தேன், எழுந்திருக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து, அசையாத, தலைய மட்டும் மெல்லத் திருப்பு என்றாள். திருப்பினேன். நாலு இல்லை, ஐந்து இருந்தது. தொப்பிக்காரன் பெட்டியின் விளிம்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். மாமியார் மேலே உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அதுகள் அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

நான் செய்த தப்பு என்னவென்று புரிகிறதா. என் நாற்காலி வலப்பக்கத்துப் பெட்டிக்கு நேராகப் போட்டிருக்கிறது, இடப்பக்கத்தைக் கழுத்தைத் திருப்பாமல் கடைக்கண்ணால்தான் பார்ப்பேன். பஸ் ஓட்டுகிறவளுக்கு அதுதான் பழக்கம், முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பக்கத்தைக் கவனிக்க வேண்டும். சந்தேகம் வந்து எழுந்து ஜன்னல் கிட்டே போனால், ஆள் அசைவு கண்டு எல்லாம் பறந்துவிடும். நான் பார்க்கிறபோது காலிப் பெட்டி ஆடிக்கொண்டிருக்கும். பெட்டி ஏன் ஆடுகிறது என்று ஒருநாளாவது யோசித்தேனா, காற்று என்று நினைத்துக்கொண்டேன். கறுப்பாக ஏதாவது மறைத்தால் தெரிந்திருக்கும், அப்படி ஒன்றும் மறைக்கவில்லை. பனி தெரிந்தது, கிளை தெரிந்தது, பெட்டிகூட இருக்கிற மாதிரியே இருந்தது. குருவிகள் மட்டும் இல்லை.

தபாலக்காதான் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான மெஷினுக்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கிற புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள், எங்கேயாவது வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். கொஞ்ச நேரம் மின்னியது, அமுக்கினேன், பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை. மெஷின் நின்னுபோச்சு போல இருக்கேம்மா என்று அங்கே இருந்த பெண்ணிடம் சொன்னேன். புள்ளியவே பாருங்கம்மா என்றாள். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. டாக்டர் படத்தைக் காட்டினார், இடது கண்ணில் ஓரம் பாதிக்குமேல் போய்விட்டது, வலதிலும் தொடங்கியிருக்கிறது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிக்கூடி நரம்பை அரித்துவிடுமாம், வலி இருக்காது, சிவக்காது. போனது போனதுதான், திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத் தினமும் இரண்டு வேளை மருந்து விட வேண்டும், தவறக்கூடாது என்றார். நான் வருஷா வருஷம் டிப்போவில் கண் பரிசோதனை கொடுக்கிறேனே டாக்டர் என்றேன். சுவரில் எழுத்தைக் காட்டி வாசிக்கச் சொல்வார்களா என்று கேட்டார், ஆமாம் என்றேன். கடைசி வரிவரை வாசித்துவிடுவேன், அதில் எனக்குப் பெருமை வேறு. நேரா இருக்கறது உங்களுக்கு நல்லாத்தான் தெரியும் என்றார்.

இனி நான் சொல்லப்போவதை அப்பாவிடம்கூட ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து நாலு நாள் கழித்துத்தான் சொன்னேன். லீவு விடுவதற்கு இரண்டு வாரம் முன்னால், காலை வண்டியில், மருந்துக்கடை முனை நிறுத்தத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். பின்னால் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா அக்கா, ஐயோ என்று கத்திக்கொண்டு என் தோளில் அடித்தாள். பிரேக்கை மிதித்தேன். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண், ஒன்றாம் வகுப்பு, வண்டியின் இடது மூக்குக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் கதவைத் திறந்து இறங்கிப்போய், எங்கேயிருந்து குதிச்ச, பராக்குப் பாத்துக்கிட்டு ரோட்டுல ஓடுவியா என்று ஊரே கேட்கிற மாதிரி திட்டினேன். அதன் கண்ணில் இருந்து வழிந்துகொண்டே இருந்தது. ஆயா அக்கா அப்போதே சொன்னாள், புள்ள ஓடலக்கா, நடந்துதான் வந்துச்சு என்று. நான் அவளையும் அதட்டினேன். அதற்குப் பிறகும் ஒன்பது நாள் அதே வண்டியை அதே ரோட்டில் ஓட்டியிருக்கிறேன் சின்னி. கண்ணை மூடினால் அந்த மஞ்சள் தொப்பிதான் வருகிறது. ஆயா அக்கா அன்றைக்கு லீவு போட்டிருந்தால் என்று நினைக்கிறேன், அதற்கு மேல் நினைக்க முடியவில்லை, எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிறேன். எத்தனை மாதமாக இப்படி ஓட்டினேன், எத்தனை பேர் என் இடப்பக்கம் தாமாகவே ஒதுங்கிப் பிழைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். டாக்டர் இனிமேல் ஓட்டக்கூடாது என்று ஒரு கடிதம் கொடுத்தார், டிப்போவில் நீங்களே கொடுத்துவிடுங்கள் என்றார். அது நாலு நாள் என் கைப்பையிலேயே இருந்தது. பொய் சொல்லவில்லை, கொடுக்காமல் விட்டுவிடலாமா என்றும் பார்த்தேன். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டினால் என்ன என்று தோன்றியது. அப்பாவும் அதையேதான் சொன்னார், ரிட்டயராக இன்னும் ரெண்டே வருசம், அந்த ரோடு ஒனக்குத் தூக்கத்துலகூடத் தெரியும் என்றார். அவர்மேல் கோபப்படாதே, அவருக்கும் பயம், அவர் பயந்தால் இப்படித்தான் கணக்குப் போடுவார். அதன்பிறகுதான் மஞ்சள் தொப்பி விஷயத்தை அவரிடம் சொன்னேன். எழுந்து உள்ளே போனார், என் கோட்டை எடுத்துக்கொண்டு வந்து, வா நானும் வர்றேன் என்றார். நேற்று டிப்போவில் கடிதத்தையும் சாவியையும் கொடுத்துவிட்டேன். புதிதாக வருகிற டிரைவர் பெண்ணுக்கு நிறுத்தம் நிறுத்தமாக எழுதிக் கொடுத்தேன், எந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தில் இருந்து வரும், எது கடைசி நிமிஷத்தில் வரும் என்று. மருந்துக்கடை முனைக்கு நேராக, இங்கே இறங்கிப் பார்த்துவிட்டு எடு என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

திரும்பும் வழியில் அந்த மஞ்சள் தொப்பிப் பெண் வீட்டுக்கும் போனோம். அதன் அம்மாதான் கதவைத் திறந்தாள், அவள் கால் பின்னால் அது ஒளிந்துகொண்டு நின்றது. நான் குனிந்து, நீ சரியாத்தான் நடந்து வந்த கண்ணு, எனக்குத்தான் தெரியல, ஒன்னத் திட்டினது என் தப்பு என்றேன். அது தலையை மட்டும் ஆட்டியது. அம்மாக்காரி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்தினாள். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இது வரைக்கும் என் கதை, இது முடிந்துவிட்டது, மருந்து விட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவேன். இப்போது எழுதப்போவதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்த விஷயம். கிளம்பும்போது டாக்டர் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார், ஒரே பெண் என்றேன். இது ரத்தத்தில் வருமாம். என் அப்பா, உன் தாத்தா, கடைசிக் காலத்தில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டே நடப்பார், வயதாகிவிட்டது என்று நாங்கள் கேலி பண்ணிக்கொண்டிருந்தோம். லீவுக்கு முந்தின வாரம் நீ போனில் ஒன்று சொன்னாயே, சைக்கிளில் போகும்போது பக்கத்தில் வந்த காரைக் கவனிக்கவேயில்லை, அதன் பக்கக் கண்ணாடி கையை உரசிக்கொண்டு போனது, அந்த ஆள் ஆரன் அடித்துத் தீர்த்துவிட்டான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். அப்புறம் திட்டினேன், பராக்குப் பாத்துக்கிட்டுப் போவியா என்று. ஒரு மாதத்துக்குள் அதே வார்த்தையால் இரண்டு பெண்களைத் திட்டியிருக்கிறேன். ஒருத்தி நடந்துதான் வந்தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீயும் ஒழுங்காகத்தான் போயிருப்பாய் என்று தோன்ற ஆரம்பித்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், நூறு தடவை எனக்கே அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் இதைப் படித்து முடித்தவுடன் எழுந்து போய் நாளைக்கே நேரம் வாங்கு. எழுத்தை வாசிக்க வைத்துவிட்டு உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பினால் வந்துவிடாதே, கண் அழுத்தம் பார்க்க வேண்டும், ஓரப்பார்வை பார்க்க வேண்டும், அம்மாவுக்கு இருக்கிறது என்று வாய் திறந்து சொல். அதுவரைக்கும் சைக்கிளைத் தொடாதே, நடந்து போ, மாப்பிள்ளையை இடப்பக்கம் நடக்கச் சொல். நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. மெஷினுக்குள் முகத்தை வைத்து உட்கார்ந்திருக்கும்போது, வெகுநேரம் ஒன்றுமே மின்னவில்லை என்றால், அதை மட்டும் என்னிடம் மறைக்காதே.

உன் பதிலுக்காகப் போனை மடியில் வைத்துக்கொண்டிருக்கும்
அம்மா