கோவிந்தன் கடை டம்ளர்

அன்புள்ள இளம்பரிதிக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அந்தப் புனே குளிரில் இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் விடும்மா விடும்மா என்று பாதியில் வெட்டிவிடுகிறாய், காகிதத்தை அப்படி வெட்ட முடியாது. மாதவராஜ் லீவு முடிந்து உன் கம்பெனிக்கே திரும்புகிறான், அவன் கையில் கேழ்வரகு மாவும் மாங்காய்த் தொக்கும் இதையும் கொடுத்தனுப்புகிறேன். மாவை மூட்டையாகவே வைத்து வண்டு விழ விடாதே.

உன் தங்கை வெண்மதியின் பள்ளிக்கூடத்துக்கு ஒருவழியாக இங்கிலீஷ் டீச்சர் வந்துவிட்டார், பொம்மிடிப் பக்கம், பிரியதர்ஷினி என்று பெயர். இதுவரைக்கும் கணக்கு வாத்தியார்தான் இங்கிலீஷும் எடுத்தார், அதாவது கைடைப் பார்த்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கினார். இந்த அம்மா வந்ததிலிருந்து பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்று ஒன்றைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றுகிறார், வெண்மதி அதை அடுப்படியில் என்னிடம் ஒப்பித்ததில் எனக்கே பாதி வந்துவிட்டது. போன காலத்தில் இரண்டு காரியம் நடந்திருந்தால் எது முந்தி முடிந்ததோ அதற்கு ஹேட் போடவேண்டும், பிந்தி நடந்ததைச் சும்மா விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். கைடில் இருக்கிற உதாரணம், டாக்டர் வருவதற்குள் நோயாளி இறந்துவிட்டிருந்தார் என்பது. இது நம்ம ஜனத்துக்குத் தெரியாத சங்கதியா, இதை இங்கிலீசுல வேற சொல்லித் தரணுமா என்று உன் அப்பா கேட்டார். ஒரே ஒரு காரியத்தைச் சொல்லும்போது இந்த ஹேட் தேவையில்லையாம், ஆனால் தலைமையாசிரியர் ஆண்டுவிழாவில் மைக்கைப் பிடித்ததும் ஐ ஹேட் கம் ஹியர் டுடே என்றுதான் ஆரம்பித்தார், ஒரு ஹேட் கூடப் போட்டால் ஒரு மரியாதை கூட வரும் என்று நினைத்திருப்பார். பழைய காலத்துக்குப் பெர்ஃபெக்ட் என்று பெயர் வைத்த வெள்ளைக்காரன் நம்ம தெருப்பக்கம் வந்திருக்கவே மாட்டான்.

டீச்சர் கைடை மூடச் சொல்லிவிட்டு அவரவர் வீட்டில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருக்கிறார், நல்லதை ஆண்டுவிழா மேடையில் சொல்லலாம், பரிசு உண்டு என்று. உன் தங்கை எழுதினது இது. பிஃபோர் மை மதர் ரீச்ட் தி டீ ஷாப், தி ஓனர் ஹேட் டேக்கன் அவுட் தி பேப்பர் கப். என் அம்மா டீக்கடைக்கு வந்து சேருவதற்கு முன்பே கடைக்காரர் பேப்பர் கப்பை எடுத்துவிட்டிருந்தார். எனக்கு அதை அவள் தமிழில் சொன்னபோது கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டேன். நான் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்பது கோவிந்தன் டீக்கடைக்கு எதிரில்தான். நான் ரோட்டைத் தாண்டும்போதே அவன் கை பேப்பர் கப் அடுக்குக்குப் போய்விடும். வெங்கடாசலம் மாதிரி பெரிய ஆட்களுக்கு சில்வர் டம்ளர், மற்ற ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி, நம்ம தெருவுக்குப் பேப்பர். கேட்டால் சுகாதாரமுங்க என்பான். இதே கோவிந்தன் சேலம் போகிற வழியில் அதியமான்கோட்டையில் நான் வேலை செய்யும் ஓட்டலில் இறங்கி, நான் கழுவிக் கவிழ்த்த டம்ளரில் காபி குடித்துவிட்டுத்தான் போகிறான். ஹைவேயில் அவனுக்கு எந்தக் கிருமியும் ஒட்டுவதில்லை.

பரிசெல்லாம் வாங்கிக் கொடுப்பது கோவிந்தன் என்பதால் தலைமையாசிரியர் அந்த வாக்கியத்தை மாற்றப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, பொண்ணு வேற வாக்கியம் சொல்லட்டும்மா, தலைவர் வருவதற்குள் நாங்கள் மைதானத்தைச் சுத்தம் செய்துவிட்டிருந்தோம்னு சொல்லட்டும், மங்களமா இருக்கும் என்றார். அதுவும் உண்மைதான், மைதானத்தைக் கூட்டினது நம்ம தெருப் பிள்ளைகள்தான். உங்க வீட்டுக்காரர் ஆண்டி யாருகிட்ட டிராக்டர் ஓட்டறாப்லன்னு கொஞ்சம் யோசிச்சுக்குங்க என்றும் சொன்னார். உன் அப்பாவுக்கு வேலை வெங்கடாசலத்திடம், அவர் கோவிந்தனுக்குப் பங்காளி. அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன், நீயும் விடும்மா, மைதானத்தையே சொல்லட்டும் என்றாய். அப்பாவும் அதையே சொன்னார். வெண்மதியோ மேடையில் ஏறித் தன் வாக்கியத்தையே சொல்லிவிட்டு இறங்கினாள். தலைமையாசிரியர் பந்தல் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, இங்கிலீஷ் என்றதும் எல்லோரும் தட்டினார்கள், கோவிந்தன்தான் பலமாகத் தட்டினான். தட்டிவிட்டு முதல் பரிசையும் தன் கையாலேயே கொடுத்தான். பரிசு ஒரு சில்வர் டம்ளர், வயிற்றில் அன்பளிப்பு கோவிந்தன் டீ ஸ்டால் என்று பேர் வெட்டியிருந்தது.

அன்று சாயங்காலமே தலைமையாசிரியர் அவனுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறார். ஏன் ஆண்டி, உம்பொண்ணு எங் கடைய இங்கிலீசுல இழுத்துட்டாளாமே என்று உன் அப்பாவை நடுரோட்டில் நிறுத்திக் கேட்டான். அவன் உன் அப்பாவைவிடச் சின்னவன், அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கும் ஏதாவது இலக்கணம் இருக்கும். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகும்போது வெண்மதி அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் சில்வர் டம்ளர் வரிசையில் கடைசியாக வைத்துவிட்டு, இதுல உங்க பேருதானுங்க இருக்கு, இங்கயே இருக்கட்டும், எங்கம்மா வந்தா இதுல ஊத்துங்க என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. நம்ம டம்ளரை நாமே கொண்டுபோய்க் குடிப்பது பழைய அசிங்கம் இல்லையா என்று கேட்டேன். அது நம்ம டம்ளர் இல்லம்மா, அவங்க டம்ளர், யாரு வேணா குடிக்கலாம் என்றாள். பெஞ்சில் ஆட்கள் இருந்ததால் கோவிந்தனால் அதை எடுத்து வீசவும் முடியவில்லை, தன் பெயரை எப்படி வீசுவான். அது அப்படியே நின்றது, ஒருவரும் தொடவில்லை, எனக்குப் பேப்பர் கப்தான் வந்தது, நான் வாங்காமல் பஸ் ஏறினேன். அப்பா தினமும் வேலை போய்விடும் போய்விடும் என்று என் முகத்தைப் பார்த்தார்.

போன வாரம் கோவிந்தன் பால்காரனோடு பின்பக்கம் வழக்கு பேசிக்கொண்டிருந்தபோது அவன் பெண்சாதி தீர்த்தம்மாள் பாய்லர் பக்கத்தில் நின்றாள், அந்த டம்ளர் கதை அவளுக்குத் தெரியாது, வெங்கடாசலத்துக்கும் தெரியாது. வெங்கடாசலம் வந்து உட்கார்ந்தார். பெரிய மனுசருக்கு நல்ல டம்ளராகப் பார்த்து எடுத்தாள், இருப்பதிலேயே பளபளவென்று இருந்தது, கடைப் பேரும் வெட்டியிருந்தது. கோவிந்தன் உள்ளே வந்து பார்ப்பதற்குள் அவர் குடித்து முடித்துவிட்டிருந்தார். அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். சொன்னால் பங்காளியே கடைக்கு வரமாட்டார், சொல்லாவிட்டால் டம்ளர் வரிசையில் சேர்ந்துவிடும். டீ இன்னிக்கு நல்லாருக்குதே, இன்னொன்னு போடு என்றார் வெங்கடாசலம். நான் ரோட்டைத் தாண்டிப் போய் அவர் குடித்து வைத்த டம்ளரைக் காட்டி, எனக்கும் இதுலயே ஊத்துங்க, இது யாரு வெச்ச டம்ளருன்னு சொல்லட்டுங்களா என்று மெதுவாகக் கேட்டேன். கழுவி ஊற்றிக் கொடுத்தான். பெஞ்சில் உட்கார்ந்து குடித்தேன், பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் போனேன். இப்போதெல்லாம் வரிசையில் எந்த டம்ளர் முன்னால் வந்தாலும் அதில்தான் ஊற்றுகிறான், நம்ம தெரு ராமக்காளுக்கும் நேற்று அப்படித்தான். அவனுக்கு மனசு மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, நான் வாயைத் திறந்துவிடுவேன் என்ற பயம்தான், எனக்கு அது போதும். அப்பா வேலையும் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, நைட் ஷிப்ட் என்றால் பகலில் தூங்கு. உனக்கு நோய் நொடி வராமல் இருக்கட்டும், எங்கே போனாலும் தலை நிமிர்ந்து நிற்கிற தெம்பு உனக்கு வரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் கப்பை எடுப்பதற்குள் நீயே பார்சல் என்று சொல்லிவிட்டு பைக் மேல் உட்கார்ந்து ஸ்டைலாகக் குடிக்கிறாய், நான் பஸ் ஸ்டாப்பிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பொங்கலுக்கு வந்தால் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுப் பெஞ்சில் உட்கார்.

இப்படிக்கு
உன் அம்மா
ராணியம்மாள்