உன் கார் விஷயமாக

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். புது இடத்துத் தண்ணீரும் குளிரும் உடம்புக்கு ஒத்துப்போய் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. முந்தாநாள் பேசியபோது உன் தொண்டை கட்டியிருந்ததுபோல் பட்டது, கேட்டால் ஒன்றுமில்லை என்பாய், அதனால் கேட்கவில்லை, வெந்நீர் குடி. போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் போதும், அப்பா எங்கிருந்தாலும் ஓடிவந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிடுகிறார். அவர் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் இப்போது வாசலில் உன் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், சக்கரத்துக்குத்தான் வந்திருக்கிறார், கண்ணாடியெல்லாம் பாக்கி, ஆகவே எனக்கு நேரம் இருக்கிறது.

வீட்டில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, இப்போது குளியலறைக் குழாய் ஆரம்பித்திருக்கிறது. உன் அறையில் தையல் மெஷினைக் கொண்டுபோய்ப் போட்டேன், கோபித்துக்கொள்ளாதே, உன் கட்டிலைத் தொடவில்லை. இனி காருக்கு வருகிறேன். அதை உன் ஊருக்குக் கப்பலில் அனுப்பும் கம்பெனிக்காரர் மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்று திரும்பவும் கேட்டார். நீ வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாய். உன் யோசனையில் தப்பில்லை. பழைய கார், அனுப்புகிற செலவுக்கு அங்கேயே ஒன்று வாங்கிவிடலாம், இறங்குகிற இடத்தில் வரி வேறு, வாரக்கணக்கில் உப்புக்காற்றில் போக வேண்டும், போய்ச் சேர்ந்த பிறகு ஏதாவது உடைந்தால் உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதும் சந்தேகம். அங்கேயும் ஸ்டியரிங் இதே பக்கம்தான், அதனால் ஓட்டத் தடையில்லை என்பதைத் தவிர அனுப்புவதற்கு ஒரு நியாயமும் இல்லை. கம்பெனிக்காரரே, ரொம்பப் பிரியமான வண்டியாக இருந்தால் மட்டும் அனுப்புங்கள் என்றார், வியாபாரி வாயிலிருந்து இப்படி வந்தால் அதற்கு மேல் என்ன சொல்வது. எல்லாம் சரி. ஆனால் கார் இங்கேயே இருக்கட்டும், அப்பா வைத்து ஓட்டட்டும், அவருக்கும் பொழுது போகும் என்று கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நீ பாசத்தில் சொன்னாய். அதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், அதனால்தான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

கண் டாக்டரிடம் போய் வந்ததைப் பற்றி அப்பா உன்னிடம், சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார். சொட்டு மருந்து உண்மை. மீதியை விழுங்கிவிட்டார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் பொத்தானை அழுத்த வேண்டும் என்றார்கள். நான் பின்னால் உட்கார்ந்து அந்தப் பொத்தான் சத்தத்துக்காகக் காத்திருந்தேன், வெகுநேரம் சத்தமே வரவில்லை. கண்ணில் அழுத்தம் கூடிப் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டதாம். நேரே இருப்பது பளிச்சென்று தெரிவதால் அவருக்குக் குறை இருப்பதே தெரியாதாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அந்த டாக்டரம்மாவும் உன் அப்பாவிடம் கார் ஓட்டப் படித்தவர்தான். அதனால், இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்பதை ஏதோ அனுமதி கேட்பதுபோல மெதுவாகச் சொன்னார். அப்பாவும் தலையாட்டிவிட்டு, நீங்கள் இப்போது வளைவில் கியரை ஒழுங்காகக் குறைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

இதுதான் இங்கே சிக்கல். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வேலையை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகியும் வெளியே போனால் அவர் இன்னும் பிரேக் சார்தான். ஊரில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஸ்டியரிங் பிடித்தவர்கள். உன் கார் தெருவில் இறங்கினால் பால் வண்டிக்காரர் ஓரம் கட்டுகிறார், மருந்துக்கடைக்காரர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வணக்கம் சொல்கிறார், காருக்குப் பின்னால் வருகிறவன் ஒருவனும் ஹாரன் அடிப்பதில்லை. தான் பழையபடி நன்றாக ஓட்டுவதாக இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஊரே ஒதுங்கி வழிவிட்டு இவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. போன வாரம் மார்க்கெட் சந்து வந்து சேரும் முனையில் இடது பக்கமிருந்து தையல்காரர் சைக்கிளில் வந்தார். தூரத்திலிருந்தே வந்துகொண்டிருந்தார், நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், இவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். இவர் அப்படியே திருப்பினார். சைக்கிள் சக்கரம் வளைந்துபோயிற்று, துணி மூட்டை பிரிந்து ரோடெல்லாம் கிடந்தது, அவருக்கு முழங்கையில் நல்ல சிராய்ப்பு. அந்த மனுஷர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, தப்பு என்னுடையதுதான், பார்க்காமல் வந்துவிட்டேன் சார் என்றார். கூட்டம் கூடி அவரையே திட்டியது. அப்பாவும் திட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மறுநாள் தையல்காரர் கடைக்குப் போய்க் கையைப் பார்த்தேன், கட்டுப் போட்டிருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனவளிடம் அவர் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது.

“எனக்கொண்ணும் இல்லம்மா. நாங்கல்லாம் சாரைப் பாத்தா ஒதுங்கிடுவோம். தெரியாதவங்க யாராவது குறுக்க வந்தா?”

என்னென்னவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். சாவியை ஒளித்து வைக்கலாம், ஆனால் எந்த டப்பாவில் என்ன வைப்பேன் என்பது அவருக்கு அத்துப்படி. நேரே சொல்லலாம், ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அது எனக்குப் பழக்கம். ஆனால் வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு, உன்னால் முடியும், பயப்படாமல் ஓட்டு என்று சொன்னவரிடம், உங்களால் முடியாது என்று என் வாயால் எப்படிச் சொல்வேன். அவருக்குள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்துவிடும், அப்புறம் எழாது. அதனால் உன்னைக் கேட்கிறேன். அப்பா, எனக்கு இங்கே கார் இல்லாமல் முடியவில்லை, அனுப்பிவிடுங்கள் என்று நீ சொன்னால் சந்தோஷமாகக் கொடுப்பார். வீண் செலவுதான், தெரியும். எங்களுக்காகச் செய்.

இது வரை நேற்று எழுதினேன். அவர் உள்ளே வரவே கடிதத்தைச் செய்தித்தாளுக்கடியில் தள்ளிவிட்டேன், மறைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். இன்று சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றார். மகளுக்குத்தானே எழுதுகிறாய் என்றார். ஆமாம் என்றேன். கோபிப்பார் என்று பார்த்தால், கதவில் சாய்ந்துகொண்டார்.

“தையக்காரர் மேல தப்பில்ல. நான் அவரைப் பாக்கவே இல்ல.”

அவ்வளவுதான் சொன்னார். நான் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தியிருந்தால் அழுதிருப்பேன், அவருக்கும் அது தெரியும். அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு, பாவம், அந்தக் குளிரில் பஸ்ஸுக்கு நின்று கஷ்டப்படுகிறாளோ என்னவோ, கார் வேண்டுமா என்று கேட்டு எழுது, அவள் கேட்டால் அனுப்பிவிடலாம் என்றார். உனக்குத்தான் உன் அப்பாவைத் தெரியுமே. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்று நேரே கேட்டதில்லை, இன்றைக்கு வெயில் அதிகம் என்பார், நான்தான் புரிந்துகொண்டு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதுவும் அப்படித்தான். தன்னிடமிருந்து பிடுங்கியதாக இருக்கக் கூடாது, மகளுக்குத் தான் கொடுத்ததாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்கிறார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி வெகுநேரம் கண் விழித்து வேலை பார்க்காதே. போன இடத்தில் நல்ல பெயர் எடுத்து, நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்தவர்கள் சூழ நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். அவரிடம் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டுவிடாதே. மற்றபடி, அப்பா கேட்டு எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்: அங்கே உனக்குக் கார் வேண்டுமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா