பாய் உள்ளே இருக்கிறது

பானு அப்பாவுக்கு,

ஷிப்ட் முடிந்து வந்ததும் சாப்பிடுங்கள். மடவை மீன் குழம்பு மூடி வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கேள்வி கேட்க வரும் ஆராய்ச்சிக்காரப் பெண் இன்று வீட்டுக்கு வரமாட்டாள். நானே எளாவூரில் ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கர்ப்பப்பைப் புற்றுக்குக் கதிர்வீச்சுக் கரண்டு வைத்துக்கொண்டவள் நான். சிகிச்சைக்கு அப்புறம் எப்படி வாழ்கிறேன் என்ற கேள்வியும் எனக்குத்தான். போன தடவை, "வீட்டுக்காரரோட எப்படி இருக்கீங்க?" என்று அவள் கேட்க, "அதெல்லாம் நார்மலா கீது மேடம்" என்று நீங்கள் முந்திக்கொண்டீர்கள். ரெண்டு வருஷமா நீங்க ஹால்ல படுத்துக்கினு, இன்னா நார்மலு?

இன்று உள்ளதைச் சொல்லிவிடுவேன்.

அங்காளம்மாள்

பின்குறிப்பு: இந்த நோய் தொற்றாது என்று டாக்டர் சொன்னதை நீங்களும்தான் கேட்டீர்கள். உங்கள் பாயை உள் அறையில் விரித்திருக்கிறேன். வேண்டாமென்றால் உங்கள் கையாலேயே எடுத்து வெளியே போடுங்கள்.