பொது ஃபோல்டரில் நம் குடும்பம்

மகளுக்கு,

நூலகம் திறக்கும்போது முதல் ஆளாக உள்ளே போக வேண்டும். உன்னை எழுப்பாமல் கிளம்புகிறேன்.

அங்கே இலவசக் கணினி வகுப்பில் பயிற்சிக்கு ஓர் அட்டவணை போடச் சொன்னார்கள். நான் நம் குடும்ப விவரத்தையே போட்டேன், நீ கணவனைப் பிரிந்து வந்ததையும் சேர்த்து. “ஐயா, பொது ஃபோல்டர்ல போட்டுட்டீங்களே, எல்லாரும் திறந்து பார்க்கலாமே!” என்று கூடப் படிக்கும் தையல்காரர் இப்போதுதான் போனில் சொன்னார். உன் சித்தியும் அதே வகுப்பு. நீ விடுமுறைக்கு வந்திருப்பதாகத்தான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் வந்தால் கதவைத் திறக்காதே.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

அப்பா

பி.கு.: ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘என் மகள்மீது தவறில்லை’ என்று எழுதியிருந்தேன். நீ வந்த அன்று உன்னைத் திட்டிய வாயால் அதைச் சொல்ல வரவில்லை. நான் அதை அழிப்பதற்குமுன் நீ தெரிந்துகொள்.