வைத்தியர் சொன்ன நடை

அருப்புக்கோட்டை,
10 ஜனவரி 1943

அன்பு வெங்கடலட்சுமிக்கு,

உன் தலைப்பிரசவம் நல்லபடியாக ஆக சௌடேஸ்வரி அம்மனை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். நீ பிறந்த வீடு போன பிறகும் வைத்தியர் சொன்ன நடையை விடவில்லை. விடியுமுன் கிளம்பிப் பாளையம்பட்டி வரை போய் வருகிறேன். நெய்கிற தறிக்குழியில் உட்கார்ந்தே மரத்துப்போன காலா இது என்று எனக்கே சந்தேகம். நன்றாகப் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது. நூல் சரியாகக் கிடைக்காத கவலைகூட கரிசல்காட்டுக் காற்றில் பாதி இறங்கிவிடுகிறது. பாதை நெடுக உன் நினைப்புத்தான்.

ரங்கராஜ்

மல்லாங்கிணறு,
18 ஜனவரி 1943

அன்புள்ள மாமாவுக்கு லட்சுமியின் நமஸ்காரம்.

கடிதம் படித்து வயிறு குளிர்ந்தது. "உம் புருசன் நடந்து நடந்தே பயில்வானா ஆயிருவாக போல" என்று அம்மா சிரிக்கிறாள். தினமும் தட்டி எழுப்பிக் கம்மங்கூழ் கரைத்துக் கொடுத்தது நான். பேர் மட்டும் வைத்தியருக்கா? தெருவில் தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுகிற நேரத்தில் வீட்டு ஆம்பளை நழுவலாமா என்று அக்கம்பக்கம் முணுமுணுத்தபோது, வயிற்றுப் பிள்ளையோடு உங்கள் இடத்தில் நின்றதும் நான்தான். "வைத்தியர் சொல்லிருக்காரு, அவுகளுக்கு உடம்பு தேறட்டும்" என்று எல்லார் வாயையும் அடைத்தேன். அதற்கு ஒரு வார்த்தை எழுதினால் குறைந்தா போவீர்கள்?

போகட்டும். பிள்ளை பிறந்ததும் வந்து கையில் வாங்குங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

லட்சுமி

பெங்களூர் முகாம்,
20 பிப்ரவரி 1943

அன்பு லட்சுமிக்கு,

ஆண் பிள்ளை என்று என் அப்பா எழுதினார். மிகவும் சந்தோஷம்.

கோபப்படாமல் படி. நான் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன். போன வருஷமே மதுரையில் ஆளெடுப்புக்குப் போய் நின்றேன். ஓடவிட்டதும் மூச்சு வாங்கியது, வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். மறுபடி தேறத்தான் நடக்க ஆரம்பித்தேன். வைத்தியர் எதுவும் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்தால் அழுது நிறுத்திவிடுவாய் என்று அப்பாதான் மறைக்கச் சொன்னார்.

இந்த முறை மார்பை அளந்தார்கள், ஓடவிட்டார்கள். மூச்சு வாங்கவே இல்லை. எல்லாம் நடையின் மகிமை. நீயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலையில் கொஞ்சம் நட. உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. லீவு எப்போதென்று தெரியவில்லை. கப்பலேற்றுவார்கள் என்கிறார்கள்.

ரங்கராஜ்

மல்லாங்கிணறு,
2 ஆகஸ்ட் 1943

ரங்கராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. அழுது தீர்ந்த பிறகு எழுதுகிறேன்.

பட்டாளத்துக்குப் போனதைப் பொறுத்திருப்பேன். நூல் இல்லாத காலம், எத்தனையோ பேர் போகிறார்கள். பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள், அவளும் அழுதுவிட்டு வழியனுப்புகிறாள். என்னையும் அழவிட்டிருக்கலாம். என்னை விட்டுப் போவதற்கு வேண்டிய தெம்பை என் கையாலேயே ஊட்டவைத்தீர்கள். தெருவுக்கு என் வாயாலேயே பொய் சொல்லவைத்தீர்கள். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான்.

உங்கள் அப்பா கூப்பிட வந்தார். "நீ வராட்டா ஊரு என்ன பேசும்?" என்றார். "ஊருக்குப் பயப்படுறவுக எங்கிட்ட ஏன் மறைச்சீக?" என்றேன்.

நீங்கள் எழுதியதில் ஒன்று உண்மை. நடந்தால் மனசு தெளிகிறது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் கண்மாய்க்கரை வரை போய் வருகிறேன். உங்கள் வீட்டுக்கு இனி வரப்போவதில்லை என்று அங்கேதான் முடிவெடுத்தேன். அழுகை வரவில்லை.

மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேரை வைப்பது நம் வழக்கம். அதற்குத்தான் பேர் வைத்த அன்று உங்கள் அப்பா தொட்டிலுக்குப் பக்கத்தில் காத்து நின்றார். நான் என் அப்பா பேரை வைத்துவிட்டேன். வீரபத்திரன் என்று கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கிறான்.

வெங்கடலட்சுமி