முதலில் தெரிந்தவர்

மதினி,

ஆய்வகத்து அச்சுப்பொறியிலிருந்து தாள் சூடாக வரும் வாசனை இப்போதெல்லாம் உங்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. போன வாரம் அதில் கிருமிகளின் வம்சாவளி மரம் ஒன்று அச்சாகி வந்தது. கிளை நுனிகளில் பெயர்கள் இல்லை, எண்கள்தான். நாற்பத்தொன்றைப் பார்த்ததும் தாளை மேசையில் வைத்துவிட்டேன்.

பேத்துப்பாறை வீட்டில் நீங்கள் மாசமாக இருந்தீர்கள். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தது. பிறகுதான் அண்ணனுக்குப் பார்த்தார்கள், அவருக்கும் இருந்தது. யாருக்கு முதலில் தெரிந்ததோ அவரே கொண்டுவந்தவர் என்று வீட்டில் முடிவாயிற்று. "ஆடலூர்ல இருந்து சீரோட இதையும் கொண்டாந்துட்டா" என்றாள் அம்மா. அண்ணன் மறுக்கவில்லை. நானும் புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாத்திரை தொடங்கும் முன்பு, ஆய்வுக்கென்று இருவரும் கையெழுத்திட்டு ரத்தம் கொடுத்தீர்கள். அன்று சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "பேரைப் பிடுங்கிட்டு நம்பர் குடுத்துட்டாங்க புள்ள, ஜெயில்ல மாதிரி. நான் நாப்பத்தொண்ணு, ஒங்கண்ணன் நாப்பத்திரெண்டு. நீதான் கிருமிப் படிப்புல கெடக்கியே, யாருகிட்ட இருந்து யாருக்குன்னு ஒருநாள் பாத்துச் சொல்லு."

"அதெல்லாம் பாக்க முடியாது மதினி" என்றேன்.

குழந்தைக்கு ஒரு வயதாகும் முன்பே உங்களை மட்டும் ஆடலூருக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி மாத்திரை வரிசையில் யாராவது பார்த்துவிடுவார்களென்று நீங்கள் போவதை நிறுத்தியது, நீங்கள் இறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பார்க்க முடியும், மதினி. அந்தக் கிருமி ஓர் உடம்பில் தங்கத் தங்க மாறிக்கொண்டே இருக்கும். பழைய உடம்பில் பல வகைகள் சேர்ந்துவிடும். அடுத்தவருக்குள் பெரும்பாலும் அவற்றில் ஒன்றுதான் போய்ப் பெருகும். தாளில் நாற்பத்திரண்டு, அண்ணன், ஒரு புதர். அதன் நடுவிலிருந்து ஒற்றைக் குச்சியாக நீங்கள்.

ஏழு வருடம் எங்கள் ஆய்வக உறைபெட்டியில் கிடந்த ரத்தம் எழுத்தெழுத்தாக வாய் திறந்திருந்தது. அறையில் யாருமில்லை. இருந்தும் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தேன்.

இது சாட்சி ஆகாது. இடையில் மூன்றாவது ஒருவர் இருந்திருக்கலாம். முடிவை யாருக்கும் சொல்லக் கூடாது என்பதும் விதி.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அடுப்படிவரை மூடுபனி வந்திருந்தது. உங்கள் மகள் என்னோடு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாதான் அப்பாவுக்குச் சீக்கைக் குடுத்துச்சாம். அப்பத்தா சொல்லுது. நெசமா அத்தை?"

உள்ளே அண்ணனின் மாத்திரை டப்பா குலுங்கிய சத்தம் நின்றது.

"இல்லடா. ஒங்கம்மாவுக்கு மொதல்ல தெரிஞ்சுது, அம்புட்டுத்தான். வெள்ளனே தெரிஞ்சதாலதான் மருந்து குடுத்து ஒன்னைய காப்பாத்துனாங்க."

"அப்ப யாரு குடுத்தா?"

உங்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்தவளல்ல அவள். ஆனால் கடைசிச் சொல்லை நீங்கள் இழுப்பது போலவே இழுத்தாள். உள்ளே டப்பாவை இன்னும் மூடவில்லை. பனிக்குள் மூன்று பேரும் காத்திருந்தோம். நான்காவதாக ஒருவரும் காத்திருந்தது போலிருந்தது.

நான் அடுத்த பட்டாணியை எடுத்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன், மதினி. அவள் கேட்டதற்கான பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது.