பட்டுக்கு நல்ல தண்ணீர்

காஞ்சிபுரம்
12-8-1974

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

தங்கை இந்திராணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அவரும் கலாவதியும் சுகம். பம்பாயில் நீங்கள், அண்ணி, வீரபாகு, அவன் மனைவி, பேரக்குழந்தை எல்லாரும் சுகமாக இருக்க ஏகாம்பரநாதர் துணையிருக்கட்டும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. வீரபாகுவுக்குப் பாங்கில் இந்த ஊருக்கே மாற்றலாகி ஆவணியில் குடும்பத்தோடு வருவதாகவும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள அண்ணியும் கூட வருவதாகவும் அறிந்தோம். பூட்டிக் கிடந்த உங்கள் பாக வீட்டைத் திறந்து ஒட்டடை அடித்தாயிற்று. உடைந்த ஓடுகளை மாற்றியாயிற்று. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றைத் தூர் வாரச் சொல்லியிருந்தீர்கள். அதையும் வாரியாயிற்று.

அந்தக் கிணற்றைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அது நீங்கள் நின்று வெட்டிய கிணறு. பாறை வரை இறங்கினீர்கள். அந்தத் தண்ணீரில் சோப்பு பொங்கிப் பொங்கி நுரைத்தது. காய்ச்சி எடுத்த பட்டு நூல் மின்னியது, சாயம் அப்படியே பிடித்தது, தெருவே மூக்கில் விரலை வைத்தது. “பட்டுக்கு ஒத்துக்கிற தண்ணி வயித்துக்கு ஒத்துக்காதா?” என்று கேட்டு, குடிதண்ணீருக்குப் பழைய கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்த எங்களை நிறுத்தியது நீங்கள்தான். நாங்களும் நம்பினோம். எதையும் பட்டில் தோய்த்துப் பார்த்து முடிவு செய்கிற நெசவுக்கார புத்திதானே நமக்கு! பிறகு நீங்கள் அண்ணியோடு பம்பாய்க்குப் போய்விட்டீர்கள். வீரபாகு அங்கே பிறந்தான். கலாவதி இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தாள்.

அவளுக்கு முளைத்த பல்லெல்லாம் பழுப்பேறிக் கிடந்ததை நீங்கள் அறிவீர்கள். உரிமைப் பெண் என்று வீரபாகுவுக்குத் தாம்பூலம் மாற்ற வந்த அன்று, கூடத்தில் அத்தனை பேர் முன்னால் அண்ணி அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, முந்தானை நுனியால் முன்பல்லைத் தேய்த்துப் பார்த்தார்கள். கறை போகவில்லை. “இன்னாடி, புகையில அடக்கிக்கினு கீறியா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தீர்கள். அத்தோடு வாசலிறங்கிப் போய்விட்டீர்கள். தாய்மாமனே வேண்டாமென்று போன பெண்ணை வேறு யார் வந்து கேட்பார்கள்? அன்றிலிருந்து என் பெண் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். அதுவும் எப்போதாவதுதான்.

ஆனி மாதம் சென்னையிலிருந்து பல் டாக்டர்கள் வந்து முகாம் போட்டார்கள். கலாவதியின் வாயைப் பார்த்ததும் அந்த டாக்டரம்மா, எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தாய் என்றுதான் கேட்டார். பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போய்ச் சோதித்து எழுதியனுப்பினார். ஃப்ளோரைடு என்று ஒரு உப்பாம். அளவாக இருந்தால் பல்லைச் சொத்தை விழாமல் காக்குமாம். மிஞ்சிப்போனால், ஈறுக்குள் பல் உருவாகிற சின்ன வயதிலேயே அதைக் கெடுத்து, கறையோடுதான் வெளியே அனுப்புமாம். தேய்த்தால் போகாது. வளர்ந்து முடித்தவர்களின் பல்லில் கறை ஏறாது. அதனால்தான் கிணறு வெட்டிய உங்கள் பல் முத்தாக இருக்கிறது. தண்ணீரைக் காய்ச்சினாலும் அந்த உப்பு போகாது, வற்ற வற்ற இன்னும் கூடுமாம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். வெட்டியவரை விட்டுவிட்டு என் பெண்ணைப் பிடித்துக்கொண்டது.

இதை உங்களுக்குச் சொல்லவே கூடாது என்றிருந்தேன், அண்ணா. பேரன் வரட்டும், அந்தத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சிக் குடிக்கட்டும், அவனுக்கும் பல் அப்படியே முளைக்கட்டும், அவனுக்குப் பெண் கேட்டு அண்ணி வீடு வீடாக ஏறி இறங்கட்டும் என்று நினைத்தேன். தூர் வாரும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எனக்கு அது இனித்தது. கலாவதியிடம் சொன்னபோது, “கொழந்த இன்னாமா பண்ணுச்சி?” என்று கேட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

போன வருஷம் தெருவுக்கு நகராட்சிக் குழாய் வந்தது. பூட்டின வீட்டுக்கு இணைப்பு கொடுக்கவில்லை. இனி நீங்கள் எழுதிப் போட்டாலும் சுலபத்தில் கிடைக்காது. எங்கள் வீட்டில் குழாய் இருக்கிறது. அந்தத் தண்ணீரையும் டாக்டரம்மா சோதித்து நல்லதென்று சொல்லிவிட்டார். குழந்தைக்குக் குடிக்கவும் சமைக்கவும் அதைத்தான் எடுக்க வேண்டும். வேறு வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று அண்ணி எண்ண வேண்டாம். தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தானே அவர்கள். கலாவதியைப் போய்க் கேளுங்கள் என்பார்கள்.

மருமகள் வரக்கூடாது. வீரபாகுவும் வரக்கூடாது. தினமும் விடிந்ததும் அண்ணிதான் குடத்தோடு வர வேண்டும். கலாவதியிடம் வாய் திறந்து கேட்க வேண்டும். கலாவதி வாயைப் பொத்திய கையை எடுத்துவிட்டு, பல் தெரியச் சிரித்து, “வாங்க அத்தை” என்பாள். குடம் நிறையும்வரை அண்ணி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இதற்கு என் பெண் இன்னும் சம்மதிக்கவில்லை. சம்மதிக்க வைப்பேன்.

இந்தக் கடிதத்தை அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டவும்.

குழந்தைக்குக் கீழ்ப்பல் இரண்டு எட்டிப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அவனுக்கு என் ஆசீர்வாதம் முழுசாக உண்டு. விழுந்து முளைக்கிற பல்லெல்லாம் அவனுக்குப் பால்போல் வெள்ளையாக முளைக்கட்டும். அவன் சிரிக்கும்போதெல்லாம், அதற்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவள் யார் என்று உங்கள் இரண்டு பேருக்கும் நினைவு வரட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் தங்கைதான்,
இந்திராணி